‘உப்புக்கல்லோடு எடுத்துக்கொள்’: சொல் விளக்கம்

ஒரு கூற்றை முழுதாக நம்பிவிடாமல் சற்றே ஐயத்தோடு கொள்ள வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வித் எ கிரெயின் ஆஃப் சால்ட்’ என்னும் தொடர் வழங்குகிறது. அமெரிக்கர் உப்புக்கல் என்பதை இங்கிலாந்தார் ஒரு சிட்டிகை உப்பு என்பர், பொருள் ஒன்றே.

கி.பி. 79இல் இறந்த உரோம எழுத்தாளர் மூத்த பிளினி குறித்துவைத்த நஞ்சுமுறி மருந்து ஒன்றே இதன் மூலமாகக் காட்டப்படுகிறது. போண்டஸ் அரசன் மித்ரிடேட்டஸின் உடைமைகளில் கிடைத்த அம்மருந்துக் குறிப்பின்படி, உலர்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது ஆகியவற்றைச் சேர்த்திடித்து ஒரு கல் உப்பும் இட்டு வெறும் வயிற்றில் உண்டால், அன்று முழுதும் எந்த நஞ்சும் தீண்டாதாம். அங்கே உப்பு வெறும் உப்புதான். ஐயப்பொருள் பின்னாளில் ஏறியது. ஆங்கில எழுத்தில் இத்தொடர் 17ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது.

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றெழுதுவோர் பெருகிவிட்டனர். தூத்துக்குடி உப்பளங்களை அடுத்து வாழும் நெல்லைச் சீமையாருக்கு உப்பென்றால் ஒன்று நன்றி, உப்பிட்டவரை நினைப்பது, மற்றொன்று மானம், “சோத்துல உப்புப் போட்டுத்தாம்ல திங்க?” என்று கேட்பது. ஐயம் அதில் எங்குமில்லை. மேலும், தமிழில் உப்புப் புளி மிளகாய் சேர்ப்பவர் கதை சொல்பவர். ஆங்கிலத்திலோ உப்பைச் சேர்ப்பவர் கேட்பவர்.

இத்தொடர் பாதி உண்மையாக இருக்கக்கூடிய கூற்றுக்கே பொருந்தும். தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அல்வாவுக்கு அந்தச் சுவை வரும் என்பது அத்தகையது. முழுப்பொய் சொல்லி ஏய்த்தவன் அல்வா கொடுத்தவன். அவனுக்கு இத்தொடர் மிகை.

பேச்சில் “அவுக சொல்லுததுல பாதியத் தள்ளிட்டுக் கேளும்” என்றால் போதும். எழுத்தில் ‘ஐயத்தோடு கொள்ளத்தக்கது’, ‘அப்படியே ஏற்பதற்கில்லை’ என்பன நேரானவை. மேலே ‘தீண்டாதாம்’ என்றதில் வந்த ‘ஆம்’ என்னும் ஈறும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் அது பிறர்வாய்க் கேட்டதை ஐயமின்றிச் சொல்லவும் வருவதால், குரலின் ஏற்ற இறக்கம் எட்டாத கட்டுரையில் அதை மட்டும் நம்பாமல், ஐயத்துக்குரிய காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தெழுதுவதே முறை.