வீட்டு முன் பலகைக்கும் விழாக்கால விளக்குக்கும் அமெரிக்காவில் என்ன விதி?

புல்வெளியில் தேர்தல் பலகை நட்டதற்கோ, தீபாவளி விளக்கைக் கழற்றாமல் விட்டதற்கோ நோட்டீஸ் வந்தால், அதை அனுப்பியது சிட்டியா, எச்ஓஏ என்கிற வீட்டு உரிமையாளர் சங்கமா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு.

சிட்டி அரசு அமைப்பு என்பதால் பேச்சுரிமை அதன் கையைக் கட்டும். மிசௌரியின் லடூ நகரம் வீடுகளில் பலகைகளை ஏறக்குறைய முழுதாகத் தடுத்திருந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. 2015-இல் அரிசோனாவின் கில்பர்ட் ஊர் விதியும் விழுந்தது. அங்கே கொள்கைப் பலகைக்கு 20 சதுர அடி, வீட்டு மனையில் தேர்தல் பலகைக்கு 16, கூட்டத்துக்கு வழிகாட்டும் பலகைக்கு 6 என்று இருந்தது. அதிலும் வழிகாட்டும் பலகையைக் கூட்டம் முடிந்த 1 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிட வேண்டும். வாசகத்தைப் படித்தால்தான் எந்த அளவு பொருந்தும் என்று தெரியும் என்றால், அந்த விதி கோர்ட்டில் நிற்பது மிகக் கடினம். அளவு, உயரம், சாலையிலிருந்து தூரம் போன்றவற்றை எல்லாப் பலகைக்கும் நியாயமான அளவில் ஒன்றாக வைத்தால் பொதுவாகச் செல்லும்.

நடைமுறையில் பலகைகள் காணாமல் போவது பெரும்பாலும் நட்ட இடத்தால். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்லை வெட்டுவது நீங்கள்தான், ஆனால் அது பொதுவழி. நடைபாதை இல்லாத தெருவில் பொதுவழி உங்கள் புல்வெளிக்குள்ளேயே சில அடி வரும். தபால் பெட்டியை வைத்துக் கணக்குப் போடாமல், வீடு வாங்கியபோது வந்த சர்வே வரைபடத்தில் மனை எல்லையைப் பாருங்கள். எல்லைக்கு வெளியே நட்டதைச் சிட்டி ஆட்கள் சொல்லாமலே எடுத்துப் போவார்கள். மூலை மனையென்றால் திருப்பத்தில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் எதுவும் கூடாது. கடையில் கிடைக்கும் 18-க்கு 24 அங்குலப் பலகை 3 சதுர அடிதான். அளவுத் தகராறு அதில் அரிது. கம்பியை இறக்கும்போது ஸ்பிரிங்க்ளர் குழாயைக் கவனியுங்கள். குழி தோண்டித் தூண் நடுவதானால் நிலத்தடிக் குழாய், மின்கம்பி இருக்குமிடத்தைக் குறித்துத் தரும் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சில நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

எச்ஓஏ தனியார் அமைப்பு. வீட்டோடு அதன் விதிகளையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்கியிருப்பீர்கள். அங்கே பேச்சுரிமை வாதம் பெரும்பாலும் எடுபடாது, மாநிலச் சட்டம்தான் துணை. டெக்சாஸில் தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்பு வரை, வேட்பாளருக்கு ஒன்று வீதம், தரையில் நட்ட தேர்தல் பலகையைத் தடுக்க முடியாது. 4-க்கு 6 அடியைத் தாண்டினால் தடுக்கலாம். கலிபோர்னியாவில் விளம்பரமல்லாத பலகைக்கு 9 சதுர அடி, பேனருக்கு 15 வரை பாதுகாப்பு உண்டு. மத அடையாளங்களுக்கு டெக்சாஸ் முன்பு வாசற்கதவில் மட்டும் இடம் தந்தது. 2021-இல் அதை மனை முழுவதற்கும் விரித்தது.

விழா அலங்காரத்தில் தகராறு பெரும்பாலும் தேதியால் வருகிறது. பல சங்கங்களின் விதியில் கிறிஸ்துமஸ் மட்டும் பெயரோடு இருக்கும், தீபாவளி இருக்காது. அக்டோபரில் தீபாவளி விளக்கைப் பற்றிக் கேள்வி வரும் முன்பே, விதியில் “மத விழாக்கள்” என்று பொதுவாகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். டிரைவ்வேயில் பெயின்ட் கோலம் போட்டால் அதை அலங்காரமாகப் பார்க்க மாட்டார்கள்; வெளிப்புற மாற்றம் என்று முன் அனுமதி கேட்பார்கள். மாக்கோலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. தேசிய மின் விதித்தொகுப்பு தற்காலிக விழா விளக்குகளுக்கு 90 நாள்தான் தருகிறது. வெளிப் பயன்பாட்டு வயரையே வாங்குங்கள், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கில் செருகுங்கள், நடைபாதைக்குக் குறுக்கே இழுக்காதீர்கள்.

நோட்டீஸில் விதிப் பிரிவு எண் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பலகையை எடுக்கும் முன் அளவு நாடாவை வைத்து, எல்லைக் கல் தெரியும்படி படம் எடுங்கள். டெக்சாஸ் எச்ஓஏ என்றால் நோட்டீஸ் அஞ்சலிட்ட 30 நாளுக்குள் விசாரணை கேட்டு எழுத வேண்டும். நாள் எண்ணப்படுவது உங்கள் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்து அல்ல.