சாய்வற்ற நிலத்தில் மழைநீரின் நடை

தெற்கு ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை ஆகஸ்ட் மாதத்தில் பார்ப்பவரிடம், எதிரே இருப்பது ஓடும் நீர் என்று சொன்னால் நம்புவது கடினம். முழங்கால் அளவுத் தெளிந்த நீர், அடிவானம் வரை கோரை, ஆங்காங்கே மரத் திட்டுகள். அலையும் இல்லை, சுழியும் இல்லை. ஆயினும் அந்த நீர்ப்பரப்பு முழுவதும் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே நிலம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது. ஒக்கிச்சோபி ஏரியின் தென்கரையிலிருந்து ஃப்ளோரிடா விரிகுடா வரையிலான சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் மொத்த இறக்கமே ஐந்து மீட்டர் அளவுதான். இத்தகைய நிலத்தில் ஓட்டத்தைத் தேடும் கண் ஏமாந்துபோகும். பார்க்க வேண்டியது நீரின் உயரத்தை, அதுவும் சென்டிமீட்டர் கணக்கில்.

அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மழை. எவர்கிளேட்ஸ் 25, 26 பாகை வட அட்சரேகையை ஒட்டிய துணை வெப்பமண்டலப் பகுதி. ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் பெய்துவிடுகிறது. ஃப்ளோரிடா ஒடுங்கிய தீபகற்பம் ஆதலால், முற்பகலில் நிலம் சூடேறியதும் கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்தும் மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் கடற்காற்று உள்ளே புகுகிறது. இரண்டும் எதிரெதிரே வந்து முட்டும் இடத்தில் ஈரக்காற்று மேலே எழுந்து, குளிர்ந்து, பிற்பகல் இடிமழையாகக் கொட்டுகிறது. இந்த நேரத்தில் எடுக்கப்படும் செயற்கைக்கோள் படங்களில் ஒக்கிச்சோபி ஏரியின் மேல் மட்டும் வானம் வட்டமாக வெறிச்சிட்டிருப்பதைப் பலமுறை காணலாம். சுற்றியுள்ள நிலத்தைவிட ஏரிநீர் குளிர்ந்திருப்பதால் அதன் மேலுள்ள காற்று எழுவதில்லை, மேகமும் திரள்வதில்லை.

சதுப்பில் நட்டிருக்கும் ஒரு நீர்மட்ட அளவியின் பதிவை எடுத்துப் பார்த்தால், மழைக்காலம் ஒரு கோணல்மாணலான படிக்கட்டைப் போல் தெரியும். மழை பெய்த பிற்பகலில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. மழையற்ற நாளின் பகலில் மெல்ல இறங்குகிறது. இரவில் ஏறக்குறைய கிடைமட்டமாக நிற்கிறது. பகலில் இறங்குவதற்குக் காரணம் வெயிலும் தாவரங்களும்: நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதும் இலைகள் வழியே வெளியேறுவதும் சேர்ந்து கோடைகாலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. பெய்த மழையின் பெரும்பகுதி கடலைச் சென்று சேர்வதே இல்லை.

இதே பதிவில் ஒரு விந்தையும் உண்டு. மே மாதத்தின் முதல் மழைகளில் 2 சென்டிமீட்டர் மழைக்கு நீர்மட்டம் அதைப் போலப் பல மடங்கு உயரும். ஜூலையில் அதே 2 சென்டிமீட்டர் மழை 2 சென்டிமீட்டர் மட்டுமே உயர்த்தும். கருவி பழுதாகிவிட்டதோ என்று முதன்முறை பார்ப்பவர் ஐயுறலாம். உண்மையில், வறட்சியின் முடிவில் நீர்மட்டம் தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே மண்ணும் சுண்ணாம்புப் பாறையும் போக எஞ்சியுள்ள சிறு துளைகளில்தான் மழைநீர் நிரம்ப வேண்டும். இடம் குறைவு என்பதால் மட்டம் விரைந்து ஏறுகிறது. நீர் தரைக்கு மேல் வந்துவிட்டால் நிரப்ப வேண்டியது திறந்த வெளி; அதன்பின் மழையளவும் ஏற்றமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆக, அந்தக் கோட்டின் ஏற்றம் எப்போது மட்டுப்படுகிறது என்பதைக் கொண்டே, சதுப்பு நிலம் என்றைக்கு நனைந்த நிலமாக இருப்பதை விட்டு நீர்நிலையாக மாறியது என்பதைச் சொல்லிவிடலாம்.

இனி நகர்வுக்கு வருவோம். சாதாரண ஆற்றில் நீரைப் பிடித்து இழுப்பது அடித்தரையின் உராய்வு. ஆழம் கூடக்கூட மேற்பரப்பு நீர் அந்தப் பிடியிலிருந்து விலகி வேகம் எடுக்கிறது. கோரைக் காட்டில் நிலைமை வேறு. தண்டுகள் நீருக்கு மேலேயும் நீண்டிருப்பதால், அடியிலிருந்து மேற்பரப்பு வரை ஒவ்வோர் அடுக்கு நீரும் தண்டுகளோடு மல்லுக்கட்டியே செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே ஆழம் இரு மடங்கானாலும் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கோரை அடர்ந்த மேடுகளுக்கு இடையே, ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு கிடக்கும் பள்ளங்களில் அல்லிகள் மட்டும் இருக்கும்; அங்கே நீர் சற்றுத் தாராளமாக நகர்கிறது. அப்படியும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில்தான். கணக்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஏரிக்கரையில் புறப்படும் ஒரு துளி, வழியில் ஆவியாகாமல் தப்பினாலும், கடலை அடைய அரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

இந்தத் தாமதமே அந்த நிலத்தின் சேமிப்பு. மழைக்காலத்து நீர் வறண்ட மாதங்களில்தான் தெற்கே போய்ச் சேர்கிறது. விரிகுடாவின் உப்புத்தன்மையை மட்டுப்படுத்துவதும் அதுவே. நீரை விரைந்து வெளியேற்றும் கால்வாய்களும் ஓட்டத்தின் குறுக்கே எழுந்த சாலைகளும் இந்தக் கணக்கைக் குலைத்தன. 1928-இல் திறக்கப்பட்ட டாமியாமி சாலை கிழக்கிலிருந்து மேற்காகச் சதுப்பைக் குறுக்கே வெட்டி, ஓர் அணைக்கரை போலவே நின்றுவிட்டது. அதன் சில பகுதிகளைத் தூக்கிப் பாலமாக்கும் பணி இந்த நூற்றாண்டில்தான் நடந்தேறியது. வேளாண்மைக்காக வடிக்கப்பட்ட பகுதியில் விளைவு இன்னும் வெளிப்படை. நீரில் மூழ்கியிருக்கும்வரை மக்காமல் சேர்ந்துகொண்டிருந்த, தாவர எச்சங்களாலான பீட் மண், காற்றுப்பட்டதும் நுண்ணுயிர்களால் சிதைந்து கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. பெல் கிளேட் என்னும் ஊரில் 1924-இல் பாறையில் ஊன்றப்பட்ட ஒரு கான்கிரீட் தூணின் தலை அன்று தரைமட்டத்தில் இருந்தது. இன்று அத்தூண் ஓர் ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. தூண் எழவில்லை, தரைதான் இறங்கியது.

அளவிகள் நட்ட இடத்தில் மட்டும்தான் உயரம் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள நிலத்துக்குச் செயற்கைக்கோள் ரேடார் கைகொடுக்கிறது. திறந்த ஏரியின் மேல் படும் ரேடார் அலை, கண்ணாடியில் பட்டதுபோல் அப்பால் தெறித்துப் போய்விடும். சதுப்பிலோ அது நீர்ப்பரப்பில் பட்டு, நிமிர்ந்த தண்டில் மோதி, வந்த வழியே திரும்புகிறது. இரு வேறு நாள்களில் திரும்பிய அலைகளை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் நீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது அல்லது இறங்கியது என்பது பரப்பு முழுவதற்கும் கிடைக்கிறது. நீரின் நடையைத் தடுக்கும் தண்டுகளே அதன் உயரத்தையும் காட்டிக்கொடுக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நேரில் செல்பவருக்கு விடியற்காலையைப் போன்ற பொழுது வேறில்லை. நீரில் மிதக்கும் பழுப்புநிறப் பாசிப் பாய்கள் பகலெல்லாம் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மற்ற உயிர்களும் அதைச் செலவிட, விடியலுக்கு முன் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்துவிடுகிறது. அப்போது சிறு கொசு மீன்கள் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் வாய் வைத்து மூச்சு வாங்குவதையும், கார் எனப்படும் நீள்மூக்கு மீன்கள் மேலே வந்து காற்றையே விழுங்குவதையும் பார்க்கலாம். இந்தப் பாசிப் பாய் ஓர் எச்சரிக்கைக் கருவியும்கூட. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராம் அளவுக்கும் குறைவான பாஸ்பரசுக்குப் பழகியது அது. வயல்களின் உரநீர் கலந்து அந்த அளவு மீறினால் பாய் சிதைந்துபோகும், கோரையின் இடத்தைச் சம்பு பிடித்துக்கொள்ளும்.

தண்டுகளில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முத்துக் கோத்ததுபோல் ஒட்டியிருக்கும் வெண்ணிற முட்டைகள் ஆப்பிள் நத்தையினுடையவை. நத்தை நீரில் வாழ்ந்தாலும் முட்டைக்குக் காற்று வேண்டும். பொரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதற்குள் நீர் திடீரென ஏறினால் முட்டைகள் மூழ்கி வீணாகும். அந்த நத்தையை நம்பியே வாழும் நத்தைப் பருந்துக்கு அடுத்த பருவத்தில் இரை குறையும். மெல்ல ஏறும் நீரும் ஒரே நாளில் மதகு திறந்து ஏற்றப்படும் நீரும் ஒன்றல்ல என்பதை இந்த முட்டைகள் அறிந்த அளவுக்கு நீர் மேலாண்மைத் திட்டங்கள் நெடுங்காலம் அறியவில்லை.

மழைக்காலத்தில் மீன்கள் பரந்து கிடக்கும் நீரெங்கும் சிதறி இனம் பெருக்குகின்றன. அக்டோபருக்குப் பின் நீர் வடிய வடிய, அவை பள்ளங்களிலும் அலிகேட்டர் முதலைகள் தோண்டி வைத்த குழிகளிலும் வந்து குவிகின்றன. மஞ்சள் மூக்கு நாரையின் நெருங்கிய உறவான மர நாரை, கண்ணால் தேடாமல் அலகை நீருக்குள் திறந்து வைத்து, தொட்ட மீனைக் கவ்வும் பறவை. மீன் நெருக்கமாக இல்லாவிட்டால் அதற்கு வயிறு நிறையாது. முன்பெல்லாம் அது நவம்பர், டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கியது. கால்வாய்கள் வந்தபின் தொடக்கப் பருவ மேய்ச்சல் இடங்கள் சுருங்கிவிட்டதால், பிப்ரவரி வரைகூடத் தள்ளிப்போகிறது. முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேண்டும். அதற்குள் மே மாத இடிமழை தொடங்கி நீர் ஒரு சாண் ஏறிவிட்டால், குவிந்திருந்த மீன்கள் மறுபடியும் சதுப்பெங்கும் கலைந்துவிடுகின்றன, தாய்ப்பறவைகள் கூட்டைக் கைவிட்டுச் செல்கின்றன.