எங்கே பிரிப்பது? ஃபிரேம்வொர்க் மடிக்கணினியின் பொறியியல்

2008இல் வெளிவந்த முதல் மேக்புக் ஏர் மடிக்கணினியில் நினைவகச் சிப்புகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. 2012இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோவில் பேட்டரியையும் உடற்பகுதியோடு பசையால் ஒட்டிவிட்டார்கள். மின்னணுப் பொருள்களைப் பிரித்துப் பார்த்து, அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் இடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது. பிற நிறுவனங்களின் மெல்லிய மடிக்கணினிகளும் விரைவிலேயே அதே வழியில் சென்றன. மெலிவும் எடைக்குறைவும் வேண்டுமென்றால் பிரித்து மாட்டும் வசதியை இழந்துதான் ஆகவேண்டும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

2021 ஜூலையில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஃபிரேம்வொர்க் நிறுவனம் தன் முதல் மடிக்கணினியை விற்பனைக்கு அனுப்பியபோது இந்தக் காரணம் ஆட்டங்கண்டது. மெய்நிகர் உலகைக் காட்டும் தலைக்கருவிகளைச் செய்த ஓக்குலஸ் நிறுவனத்தின் தொடக்க காலத்தில் வன்பொருள் பிரிவை நடத்திய நீரவ் பட்டேல் தொடங்கிய நிறுவனம் இது. அந்தக் கணினியின் தடிமன் 15.85 மி.மீ., எடை 1.3 கிலோ. 2020இல் வந்த மேக்புக் ஏர், தன் தடித்த முனையில் 16.1 மி.மீ., எடையில் 1.29 கிலோ. மேக்புக் முன்புறம் நோக்கிச் சரிந்து மெலிகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டாலும் வேறுபாடு பெரிதல்ல. நினைவகம், சேமிப்பு, பேட்டரி, திரை, விசைப்பலகை, வைஃபை அட்டை, ஒலிபெருக்கி, கீல் என்று அனைத்தையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளக்கூடிய இக்கணினிக்கு ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து கொடுத்தது.

அனைத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவதுதான் இதன் நுட்பம் என்று நினைக்கத் தோன்றும். அந்த வழியில் போனவர்கள் தோற்றிருக்கிறார்கள். கூகுளின் ‘புராஜெக்ட் ஆரா’ என்ற கைபேசித் திட்டத்தில் ஓர் உலோகச் சட்டகத்தின் மீது செயலி, திரை, பேட்டரி, கேமரா ஆகிய அனைத்தும் தனித்தனிக் கட்டைகளாகப் பொருந்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் தனி உறை, தனி இணைப்பு முனை, தனி மின்சுற்று வேண்டும். அவை ஒவ்வொன்றும் இடத்தையும் மின்சாரத்தையும் பணத்தையும் தின்றன. 2016இல் வந்த மறுவடிவமைப்பில் செயலியையும் திரையையும் சட்டகத்துக்குள்ளேயே பதித்துவிட்டார்கள்; அதே ஆண்டு திட்டமும் கைவிடப்பட்டது. பிரிக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஆகவே எந்த இடத்தில் பிரித்தால் அந்த விலைக்கு ஈடாகப் பயன் கிடைக்கும், பிரித்த இடத்தில் இருபுறமும் எந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டும், அந்த விதியை எத்தனை ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்க முடியும் என்ற மூன்றுமே உண்மையான பொறியியல் கேள்விகள். குண்டு பல்பு போய், சிஎஃப்எல் வந்து, இப்போது எல்இடி எரிகிறது. ஆனால் சுவரில் உள்ள பல்பு ஹோல்டர் மாறவில்லை. மடிக்கணினிக்குள் அப்படிப்பட்ட ஹோல்டர்களை எங்கே வைப்பது என்பதுதான் ஃபிரேம்வொர்க் எடுத்த முடிவுகளின் சாரம்.

அவற்றுள் முதன்மையானது மதர்போர்டைப் பற்றியது. மேசைக் கணினியில் செயலியை மட்டும் கழற்றி மாற்றலாம். மடிக்கணினிக்கான செயலிகளையோ இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் பலகையில் பற்றவைக்கும் வடிவில்தான் தருகின்றன; அதன் அடிப்புறத்தில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்றவைப்புக் குண்டுகளை வீட்டில் கழற்றி மாட்ட இயலாது. எனவே ஃபிரேம்வொர்க், செயலியை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் மதர்போர்டையே மாற்றத்தக்க உறுப்பாகக் கொண்டது. பலகையின் வெளிவடிவம், ஸ்க்ரூத் துளைகள், திரைக்கும் பேட்டரிக்கும் விசைப்பலகைக்கும் செல்லும் இணைப்புகளின் இடம் ஆகியவை நிலையாக இருக்கும். பலகையின் மேல் உள்ளது தலைமுறைதோறும் மாறலாம். 2021இல் இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலியோடு 13.5 அங்குல மாடலை வாங்கியவர், அதே உடற்கூட்டில் 12, 13ஆம் தலைமுறைப் பலகைகளையும், 2023இன் ஏஎம்டி ரைசன் 7040 பலகையையும், 2025இன் ரைசன் ஏஐ 300 பலகையையும் பொருத்த முடிகிறது. டீப்கம்ப்யூட்டிங் என்ற வேறொரு நிறுவனம் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் ஒரு பலகையையும் இதே வடிவில் செய்திருக்கிறது. அது வேகத்தில் பின்தங்கியதுதான். ஆயினும், முற்றிலும் வேறான கட்டளைமொழி பேசும் ஒரு செயலி அதே கூட்டுக்குள் உட்காருகிறது என்பது, வகுத்த எல்லை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

கழற்றிய பழைய பலகையும் வீணாவதில்லை. திரையோ பேட்டரியோ இல்லாமல், யூஎஸ்பி-சி வழியே மின்சாரம் கொடுத்தாலே அது தனிக் கணினியாக இயங்கும். அதற்கென்று கூலர் மாஸ்டர் நிறுவனம் செய்த பெட்டி 2023இல் விற்பனைக்கு வந்தது. பலகையின் அளவுப் படங்களை நிறுவனமே வெளியிட்டிருப்பதால், முப்பரிமாண அச்சில் தாமே பெட்டி செய்துகொள்பவர்களும் உண்டு. ஆனால் தலைமுறை மாற்றம் முழுக்கத் தடையற்றது என்று சொல்லிவிட முடியாது. தொடக்க இன்டெல் பலகைகள் டிடிஆர்4 நினைவகத்தைக் கேட்டன. ஏஎம்டி பலகைகளுக்கு டிடிஆர்5 வேண்டும். பலகையோடு சேர்த்து நினைவகத்தையும் புதிதாக வாங்கியவர்களுக்கு, மிச்சமான பணம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோனது.

கண்ணுக்கு முதலில் தெரிவது பக்கவாட்டு முனைகளின் ஏற்பாடு. 13.5 அங்குல மாடலில் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு குழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் சதுரமான ஓர் அட்டையைச் செருகலாம். யூஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், மைக்ரோ எஸ்டி, ஈதர்நெட், சேமிப்பு என்று எது வேண்டுமோ அதை வேண்டிய பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இதற்காக நிறுவனம் புதிதாக எந்த இணைப்பையும் கண்டுபிடிக்கவில்லை. குழியின் உள்ளே இருப்பது சாதாரண யூஎஸ்பி-சி முனைதான். ஆரா திட்டத்திலிருந்து இது விலகும் முக்கியமான இடமும் இதுவே.

யூஎஸ்பி-சி முனையில் 24 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் மின்சாரத்துக்கும் தரைக்கும் சில, பழைய யூஎஸ்பி 2.0 தரவுக்கு நான்கு, மிகை வேகத் தரவுக்கு நான்கு இணைகள். இவற்றோடு, செருகப்பட்டது என்ன என்பதைக் கண்டறியும் பேச்சுக்கம்பி ஒன்றும் உண்டு. ஒன்றைச் செருகியதும் முதலில் இந்தக் கம்பியில்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது. எந்தத் திசையில் செருகப்பட்டுள்ளது, யார் யாருக்கு மின்சாரம் தருவது, எத்தனை வோல்ட் என்பவை அதில் முடிவாகின்றன. 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட எந்த அழுத்தமும் இருதரப்பும் ஒத்துக்கொண்ட பிறகே செல்லும். அடுத்து, மிகை வேக இணைகளை வேறு பணிக்குத் தரும்படி கேட்கலாம். எச்டிஎம்ஐ அட்டை செய்வது இதைத்தான்: அந்த இணைகளில் டிஸ்பிளேபோர்ட் சைகையைக் கேட்டுப் பெற்று, அட்டைக்குள் உள்ள ஒரு சிப் மூலம் அதை எச்டிஎம்ஐயாக மாற்றித் தருகிறது. சேமிப்பு அட்டைக்குள் ஃபிளாஷ் நினைவகமும் கட்டுப்பாட்டுச் சிப்பும் இருக்கின்றன. யூஎஸ்பி-சி அட்டையோ கிட்டத்தட்ட வெறும் நீட்டிப்புக் கம்பிதான். ஈதர்நெட் முனை அட்டையைவிடப் பெரியது என்பதால் அந்த அட்டை மட்டும் கணினிக்கு வெளியே சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். அழகாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

அட்டைகளால் இன்னொரு நன்மையும் உண்டு. முனையை மாற்றிக்கொள்ளும் வசதியைவிட அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மடிக்கணினியில் அடிக்கடி தேய்ந்து பழுதாகும் இடங்களுள் ஒன்று, நாள்தோறும் சார்ஜரைச் செருகி உருவும் முனை. மற்ற கணினிகள் பலவற்றில் அது மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஆடத் தொடங்கினால் சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவரைத் தேட வேண்டும். இங்கே அந்தத் தேய்மானத்தை அட்டை ஏற்றுக்கொள்கிறது. உள்ளே உள்ள முனை அசையாமல் இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, நான்கு குழிகளும் கணினிக்குள் பிடித்துக்கொள்ளும் இடம். அந்த இடத்தில் சற்றுப் பெரிய பேட்டரியை வைத்திருக்கலாம் என்று வாதிடுபவர்களை மறுக்க முடியாது. தவிர, எல்லாக் குழிகளும் எல்லாப் பலகைகளிலும் சமமல்ல. ரைசன் 7040 பலகையில் பின்புறக் குழிகள் இரண்டு மட்டுமே யூஎஸ்பி4 வேகம் தருகின்றன. முன்புற இடக் குழியில் திரையை இணைக்க முடியாது.

திறப்பது எளிது. அடிப்புறத்தில் ஐந்து ஸ்க்ரூகள். அவற்றைத் தளர்த்தினால் கழன்று விழாமல் உறையிலேயே தங்கிவிடும் வகையில் அமைத்திருக்கிறார்கள். தேவையான ஸ்க்ரூடிரைவர் பெட்டியிலேயே வருகிறது. விசைப்பலகை உள்ள மேல்மூடி காந்தங்களால் பிடித்துக்கொண்டிருக்கும். தூக்கும்போது தொடுபலகையின் நாடாக் கம்பியை மட்டும் கவனித்து விடுவிக்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு உறுப்பிலும் பெயரும், மாற்றும் முறையைக் காட்டும் பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் கியூஆர் குறியும் அச்சிடப்பட்டுள்ளன. பேட்டரியும் பசையின்றி ஸ்க்ரூக்களால் நிற்கிறது. முதலில் 55 வாட்-மணி கொள்ளளவுடன் வந்த பேட்டரியின் அதே புற அளவில், கூடுதல் மின்னழுத்தம் வரை ஏற்றத்தக்க வேதியியலைக் கொண்டு 61 வாட்-மணி பேட்டரியை 2023இல் கொண்டுவந்தார்கள். முதல் மாடலின் கீல் தளர்ச்சியாக இருப்பதாகக் குறை எழுந்தபோதும் இறுக்கமான கீலைத் தனியே விற்பதே போதுமானதாக இருந்தது.

2024 தொடக்கத்தில் வந்த 16 அங்குல மாடலில், இதைவிடக் கடினமான ஒரு சிக்கலைத் தொட்டார்கள்: திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் சிப்பை மாற்றத்தக்கதாக்குவது. என்விடியா 2004இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்எம் என்ற தரநிலை இதற்காகவே வந்தது. ஆனால் சூடு தணிக்கும் பகுதி கணினிக்குக் கணினி வேறுபட்டது. புதிய அட்டை முனையில் பொருந்தினாலும் அதன் சிப், பழைய வெப்பக்குழாயின் கீழ்ச் சரியாக உட்காராது. மின்னிணைப்பு மட்டுமே நிலையாக இருந்து, வெப்பம் செல்லும் வழி நிலையாக இல்லாததே அங்கே நேர்ந்த பிழை. ஃபிரேம்வொர்க் இதை மாற்றி, விசிறிகளையும் வெப்பத் தகடுகளையும் கணினியின் பின்புறம் செருகும் கிராபிக்ஸ் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டது. அதிக வெப்பம் உமிழும் சிப் வந்தால் அதற்கேற்ற விசிறியும் அதனோடு சேர்ந்தே வரும். தேவைப்பட்டால் பெட்டி பின்னோக்கி நீண்டுகொள்ளலாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7700எஸ் சிப்புடன் வந்த பெட்டி இருந்த இடத்தில் 2025இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 பெட்டியை, முதலில் விற்ற கணினிகளிலும் பொருத்த முடிந்தது இதனால்தான்.

இரும்பும் தாமிரமும் மட்டும் கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. 12ஆம் தலைமுறைப் பலகையில், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் திருத்தங்கள் நெடுநாள் தாமதமானதற்காகப் பயனர்கள் நிறுவனத்தைக் கடுமையாகக் குறைகூறினார்கள்; பாதுகாப்புத் திருத்தம் வராத பலகை, ஸ்க்ரூக்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பழையதுதான். 11ஆம் தலைமுறைப் பலகையில், பல வாரங்கள் சார்ஜ் செய்யாமல் விட்டால் கடிகாரத்துக்கான சிறு பேட்டரி வற்றிப்போய்க் கணினி எழ மறுத்த சிக்கலும் இருந்தது. அடுத்த தலைமுறையில் அது திருத்தப்பட்டது.

இனி, இந்த வழிமுறை முட்டி நின்ற இடத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் ஃபிரேம்வொர்க் ஒரு மேசைக் கணினியை அறிவித்தது. ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் செயலியைக் கொண்ட அதில், 128 ஜிபி வரையிலான நினைவகம் பலகையில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கழற்றி மாட்டுவதற்கே பெயர்பெற்ற நிறுவனம், எந்தக் கணினியில் கழற்றுவது மிக எளிதோ அதில் இப்படிச் செய்தது பலருக்கும் முரணாகப் பட்டது. காரணம் இயற்பியலில் இருக்கிறது. அந்த நினைவகம் ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 800 கோடி பிட்டுகளை அனுப்புகிறது. அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 125 பிக்கோ விநாடி. சர்க்யூட் பலகையில் மின்சைகை ஏறத்தாழ ஒளியின் பாதி வேகத்தில் செல்லும் என்பதால், அந்த நேரத்தில் அது கடக்கும் தூரம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர் கூடினாலே, ஒரு பிட் போய்ச் சேருமுன் அடுத்தது கிளம்பிவிடும். வழியில் ஒரு சாக்கெட் இருந்தால், அதன் தொடுமுனைகளில் சைகையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பி, பின்னால் வரும் பிட்டுகளோடு கலந்துவிடும். டிடிஆர்5 நினைவகத்தின் சைகைகள் 1.1 வோல்ட்டில் செல்வதால் இந்தக் கலப்படத்தை ஓரளவு தாங்கும். இந்த மேசைக் கணினியில் உள்ள எல்பிடிடிஆர்5எக்ஸ் வகையோ மின்சாரத்தைச் சேமிக்க அரை வோல்ட்டில் பேசுகிறது. இத்தகைய கம்பிகள் 256 ஒரே நேரத்தில் பிசகாமல் இயங்கினால்தான் அந்தச் செயலிக்கு வேண்டிய விநாடிக்கு 256 ஜிபி வேகம் கிடைக்கும். மடிக்கணினியில் டிடிஆர்5-5600 நினைவகப் பலகைகள் இரண்டைச் செருகினால் கிடைப்பது ஏறத்தாழ 90 ஜிபி.

எல்பிடிடிஆர் நினைவகத்தையும் கழற்றத்தக்கதாக்க எல்பிகேம்2 என்ற வடிவம் வந்திருக்கிறது. அதில் நினைவகப் பலகை, பக்கவாட்டில் செருகப்படாமல், செயலிக்கு அருகே மதர்போர்டின் மீது தட்டையாகப் படுத்து, ஸ்க்ரூ இறுக்கத்தில் தொடுமுனைகளை அழுத்திப் பிடிக்கிறது. பாதை குட்டையாவதால் எதிரொலிப்பும் குறைகிறது. லெனோவோ 2024இல் திங்க்பேட் பி1 மடிக்கணினியில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு பலகை 128 கம்பிகளையே தாங்கும். 256 கம்பிகள் கொண்ட ரைசன் ஏஐ மேக்ஸுக்கு இரண்டு வேண்டும். இதைச் செய்ய முடியுமா என்று ஃபிரேம்வொர்க் கேட்டபோது, ஏஎம்டியின் பொறியாளர்கள் கணினிவழி உருவகப்படுத்தல்களில் ஆராய்ந்து, அந்தச் சிப்பில் சைகைகள் அவ்வேகத்தில் சிதையாமல் செல்லா என்று கூறியதாக நீரவ் பட்டேல் விளக்கியிருக்கிறார். எனவே அந்தக் கணினியில் பிரிக்கும் கோடு நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே விழாமல், இரண்டையும் சேர்த்துத் தாங்கும் பலகையின் விளிம்பில் விழுந்தது. அந்தப் பலகையும் சந்தையில் யார் செய்த பெட்டியிலும் பொருந்தும் மினி-ஐடிஎக்ஸ் அளவில் அமைக்கப்பட்டது.