ரோட்டுக்கு அடியில போற கேபிளை மேல நின்னே எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

சேலம் அஞ்சு ரோடு மாதிரி இடத்துல ரோட்டோரம் நோண்டுனா குடிதண்ணி பைப்பு, பாதாள சாக்கடை, ஈபி கேபிள், ஃபைபர்னு என்ன வேணா தட்டுப்படலாம். எது எங்க போகுதுன்னு மேப் இருந்தாலும் அது லைன் போட்டப்போ இருந்த ரோட்டை வச்சு எடுத்த அளவு, அப்புறம் ரோட்டை அகலப்படுத்தி, மேல மேல தாரும் போட்டிருந்தா ஓரமும் மாறிடும் ஆழமும் மாறிடும்.

அதனாலதான் ஜேசிபி இறக்குறதுக்கு முன்னாடி கேபிள் லொக்கேட்டர்னு ஒரு மிஷின் வச்சு தேடுறாங்க. அது ஒயரையே பாத்துடும்னு நினைக்காதீங்க. ஒயர்ல கரன்ட் ஓடுனா சுத்தி ஒரு காந்தப்புலம் வரும்ல, நம்ம ஊரு கரன்ட்டுல அது செகண்டுக்கு 50 சுத்து மாறிக்கிட்டே இருக்கும், அது மிஷின்ல இருக்குற காயில்ல, அதாவது கம்பிச் சுருள்ல, சின்னதா ஒரு வோல்டேஜ் உண்டாக்கும், கேபிளுக்கு நேர் மேல வரும்போது மிஷின் போடுற சத்தம் உச்சத்துக்கு போகும். ஆழம் கண்டுபிடிக்கிறதுதான் இதுல அழகான விஷயம். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு காயில், நடுவுல 40 செ.மீ. இடைவெளின்னு வைங்க. தூரம் ரெண்டு மடங்கானா புலம் பாதியாகும், அப்போ தரையை ஒட்டி இருக்குற கீழ் காயில்ல 3 பங்கும் மேல் காயில்ல 2 பங்கும் வந்தா கேபிள் 80 செ.மீ. ஆழத்துல இருக்குன்னு அர்த்தம்.

ஆனா கரன்ட் ஓடுனாத்தான் இதெல்லாம். தெருவிளக்கு கேபிளை பகல்ல தேடுனா மிஷின் கம்முனு இருக்கும், ஏன்னா லைட்டே எரியல. அதுக்குத்தான் ஒரு டிரான்ஸ்மிட்டர் வச்சு 8 இல்லன்னா 33 கிலோஹெர்ட்ஸ்ல நாமளே சிக்னல் ஏத்தி விடுறது. அதுலயும் ஒரு வம்பு, பக்கத்துலயே இன்னொரு கேபிள் போனா சிக்னல் அதுக்கும் தாவிடும், ரெண்டு புலமும் கலந்து உச்சம் தள்ளிப் போய் காட்டும், ஆழமும் தப்பா வரும்.

பிளாஸ்டிக் பைப்பு, உலோகமே இல்லாத ஃபைபர் எல்லாம் இந்த மிஷினுக்கு சுத்தமா தெரியாது. புதைக்கும்போதே கூட ஒரு செம்புக் கம்பி போட்டிருந்தா தப்பிச்சோம், இல்லன்னா மண்ணுக்குள்ள ரேடியோ அலை அனுப்பி எதிரொலியை வச்சு தேடுற ரேடார்தான். அதுவும் ஈரமான களிமண்ணுல அலையெல்லாம் மண்ணுக்குள்ளயே அடங்கிடும்.

ஏற்காடு மேல போனா கதை வேற. ஃபைபருக்கு சாதா மண்ணுல 1.65 மீட்டர் ஆழம்னு பிஎஸ்என்எல் கணக்கு, பாறை வந்துட்டா அவ்வளவு கீழ போக முடியாது, குறைஞ்ச ஆழத்துலயே குழாய்க்குள்ள விட்டு மேல கான்கிரீட் போட்டு மூடுவாங்க. அதனால மலையில ஒரு அடிதான நோண்டுறோம்னு அசால்ட்டா இருக்கக்கூடாது.

மிஷின் என்ன சொன்னாலும் மார்க் பண்ண இடத்துல முதல்ல கையால ஒரு சோதனைக்குழி எடுத்து லைனை கண்ணால பாத்துட்டுதான் ஜேசிபியை விடணும். கூர்மையான கடப்பாரை வேணாம், மம்முட்டியால மெதுவா மண்ணை ஒதுக்கிட்டே போங்க. மண்ணுக்குள்ள செங்கல் வரிசையோ எச்சரிக்கை டேப்போ வந்தா அங்கயே நிறுத்திடுங்க, அதுக்குக் கீழதான் கேபிள் இருக்கும்.

இப்படி இஷ்டத்துக்கு தோண்டுறதால நாட்டுக்கு வருஷம் சுமார் 3000 கோடி ரூபா நஷ்டம்னு மத்திய அரசே சொல்லி 2023 மார்ச்ல 'கால் பிஃபோர் யூ டிக்'னு ஒரு ஆப் விட்டுச்சு. தோண்டப்போற இடத்தை அதுல போட்டா அங்க லைன் வச்சிருக்குற கம்பெனிகளுக்கு மெசேஜ் போயிடும். லைன் வச்சிருக்கவங்க மேப்ல ஏத்தாம விட்ட பழைய பைப்புக்கு மட்டும் மெசேஜ் போக ஆளே இருக்காது, அதுக்கு மம்முட்டிதான்.