பரிசல்ல ஃபிஷ் ஃபைண்டர்: ஒரே மீனு ஏன் ஒம்பது மீனாத் தெரியுது?

தண்ணிக்கடியில மீன் எங்க இருக்குன்னு காட்டுற மிஷினு ஃபிஷ் ஃபைண்டர், அதோட ஸ்கிரீனப் பாத்தவுடனே நம்ம ஆளுங்க பாதிப் பேரு, கீழ ஏதோ கேமரா தொங்குதுன்னு தான் நெனைக்கிறாங்க. கேமராவும் இல்ல ஒண்ணும் இல்ல. சத்தம் போட ஒண்ணு, திரும்பி வர்ற சத்தத்தக் கேக்க ஒண்ணு, நடுவுல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எண்ணுறதுக்கு ஒண்ணு, அவ்ளோ தான் மிஷினு. மத்தபடி ஸ்கிரீன்ல தெரியுற கலர், வளைவு, மீன் பொம்மை எல்லாமே அந்த நேரக் கணக்க வெச்சு வரையுறது தான். இத மட்டும் புரிஞ்சிக்கிட்டா போதும், நம்ம ஊர் பரிசல்ல இத வெச்சா எது உருப்படியா வேலை செய்யும், எது சும்மா ஏமாத்தும்னு நாமளே சொல்லிடலாம்.

பரிசல்னு தனியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. யூடியூப்ல வர்ற வீடியோ எல்லாம் கயாக்னு சொல்ற துடுப்புப் படகுல எடுத்தது, அது நீளமா கூரா இருக்கும், விட்டா நேராப் போகும். நம்ம ஒகேனக்கல், ஏமனூர், நாகமரை பக்கம் மேட்டூர் டேமோட பின்தண்ணி, இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி கேஆர்பி டேம், இங்கெல்லாம் வட்டப் பரிசல் தான், துடுப்ப நிறுத்துனா தானா ஒரு சுத்து சுத்தும். அந்தச் சுத்து தான் இந்தக் கட்டுரையோட பிரச்சனையே.

மொதல்ல சத்தம். டிரான்ஸ்டியூசர்னு ஒரு சின்ன கட்டை தண்ணிக்குள்ள இருக்கும், அதுக்குள்ள ஒரு பீங்கான் வில்லை. கரண்ட் குடுத்தா அது அதிரும், வெளிய இருந்து அதிர்வு வந்து மோதுனா அதுவே கரண்ட் குடுக்கும். இந்தக் குணத்த 1880ல கியூரி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க, மொத உலகப் போர்ல பிரான்ஸ் விஞ்ஞானி லாஞ்செவின் அத வெச்சு நீர்மூழ்கியத் தேட வழி பண்ணாரு, 1948ல ஜப்பான்ல ஃபுருனோ அண்ணன் தம்பிங்க அத மீன் பிடிக்கிறதுக்குக் கொண்டாந்தாங்க. இப்ப கையில புடிக்கிற சைஸ்ல கெடைக்குது. பெரும்பாலும் 200 கிலோஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு ரெண்டு லட்சம் தடவை அதிர்வு, நம்ம காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸோட முடிஞ்சிரும்.

தண்ணியில சத்தம் செகண்டுக்கு சுமாரா 1500 மீட்டர் போகும், காத்துல போறத விட நாலு மடங்குக்கும் மேல. 30 அடி ஆழம்னா, கீழ போய்த் திரும்பி வர 12 மில்லிசெகண்டு, கண்ணு சிமிட்டுற நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அந்த 12ஐத் தான் மிஷின் 30 அடின்னு காட்டுது. தண்ணி சூடானா சத்தம் கொஞ்சம் வேகமாப் போகும், 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் ரெண்டு சதவீதம் கிட்ட வித்தியாசம், 30 அடியில அரை அடி தான், மீன் பிடிக்கிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆழத்துல மட்டும் மிஷின தாராளமா நம்பலாம், தரை சமமா இருக்கற வரைக்கும். சமமா இல்லன்னா என்ன ஆகும்னு கீழ வர்றேன், அது தான் ஒகேனக்கல் கதை.

சரி, மீன் எப்படித் தெரியுது? மீனோட சதை கிட்டத்தட்ட தண்ணி மாதிரியே தான், சத்தம் பாட்டுக்கு அதுக்குள்ள பூந்து போயிரும். காட்டிக் குடுக்கறது காத்துப் பை. கட்லாவோ ரோகுவோ வீட்டுல அறுக்கும்போது பாருங்க, முதுகெலும்புக்கு அடியில ஒட்டிக்கிட்டு, நடுவுல இடுங்கி ரெண்டு அறையா, வெள்ளையா பளபளன்னு இருக்கும், அழுத்துனா டப்புன்னு வெடிக்கும். தண்ணியில இருந்து காத்துல மோதுற சத்தம் ஏறக்குறைய முழுசாவே திரும்பி வந்துரும், அதனால காத்துப் பை இருக்கற மீன்ல இருந்து வர்ற எதிரொலியில பத்துல ஒம்பது பங்கு அந்தப் பையில இருந்து தான். ஆக நாம பாக்கறது மீன இல்ல, மீனுக்குள்ள இருக்கற காத்த. அயிரைக்கு அந்தப் பை ரொம்பச் சின்னதாகி எலும்புக்குள்ள அடங்கிப் போயிருக்கும், தரையோட ஒட்டியும் கெடக்கும், அது ஸ்கிரீன்ல வரும்னு காத்திருக்காதீங்க.

இப்ப ஸ்கிரீனுக்கு வருவோம், எல்லாரும் கோட்டை விடுற எடம் இது. மேல இருந்து கீழ ஆழம், சரி. எடமிருந்து வலம் என்ன? எல்லாரும் தூரம்னு நெனைக்கிறாங்க, அது நேரம். வலது ஓரத்துல இருக்கற கோடு தான் இப்ப வந்தது, இடது பக்கம் போகப் போக பழசு. பரிசலக் கட்டிப் போட்டு அசையாம உக்காந்தாலும் படம் ஓடிக்கிட்டே தான் இருக்கும். கீழ ஒரு மீனு சும்மா நின்னா, அது நீளமா ஒரு கோடாப் போகும், அதப் பாத்துட்டு ஆறடி வாளைன்னு கத்துன ஆளுங்க உண்டு.

வளைவு எப்படி வருதுன்னா, சத்தம் டார்ச் லைட்டு வெளிச்சம் மாதிரி கீழ போகப் போக விரிஞ்சிக்கிட்டே போகும். 200 கிலோஹெர்ட்ஸ்ல பொதுவா 20 டிகிரி கூம்பு, அதாவது ஆழத்துல மூணுல ஒரு பங்கு அகலம்னு வெச்சிக்கலாம், 30 அடிக்குக் கீழ பத்தடி வட்டம். மீனு அந்த வட்டத்தோட ஓரத்துல நுழையும்போது டிரான்ஸ்டியூசர்ல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், நேர் கீழ வரும்போது கிட்ட, வெளிய போகும்போது மறுபடி தள்ளி. தள்ளி, கிட்ட, தள்ளி, இத வரைஞ்சா வில்லு மாதிரி வருது. ஆனா 20 டிகிரியில, 20 அடி ஆழத்துல, ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் வெறும் நாலு இஞ்சு, அதனால நம்ம ஆழத்துக்கு வில்லு பெருசா வளையாது, தட்டையாத் தான் வரும். நீளத்த வெச்சு மீன் சைஸ் சொல்லவே கூடாது. மெதுவாப் போற குட்டி ஜிலேபி நீளமா வரையும், பாஞ்சு போற பெரிய கட்லா குட்டியா வரையும். கோட்டோட தடிமனும் கலரும் தான் கொஞ்சமாச்சும் சைஸச் சொல்லும்.

இப்ப பரிசல் சுத்துறத இதுல சேருங்க. டிரான்ஸ்டியூசர பரிசலோட விளிம்புல கட்டியிருக்கீங்க, பரிசல் சுத்துது, அப்ப அந்தக் கட்டையும் தண்ணியில ஒரு வட்டம் போடுது. 15 அடி ஆழத்துல கூம்பு அஞ்சடி அகலம் தான், பரிசல் அதவிடப் பெருசு. கீழ ஒரு மீனு அசையாம நிக்குது, கட்டை அது மேல வரும்போது ஒரு வளைவு, சுத்திட்டு மறுபடி வரும்போது இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. ஸ்கிரீன்ல பாத்தா மீன் கூட்டம், உண்மையில அதே ஒத்த மீனு. ஒரே ஆழத்துல, ஒரே இடைவெளியில, ஒரே தடிமன்ல வரிசையா வந்தா சந்தேகப்படுங்க. நிச்சயம் பண்ண வழி சுலபம், துடுப்பப் பாறையில ஊனியோ கல்லக் கட்டி இறக்கியோ பரிசல நிறுத்திட்டுப் பாக்கணும்.

சைடு இமேஜிங்னு ரெண்டு பக்கமும் படம் எடுக்கற மாடல் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, பரிசலுக்கு வேண்டாம்னு தான் சொல்லுவேன். அது மெல்லிசா ஒவ்வொரு கீத்தா எடுத்து, படகு நேரா ஒரே வேகத்துல போகுதுன்னு நம்பி ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு ஒட்டுது. சுத்துற பரிசல்ல அந்தக் கீத்தெல்லாம் கன்னாபின்னான்னு திரும்பியிருக்கும், தரை முழுக்க பிசைஞ்சு விட்ட களி தான். காசுக்குப் புடிச்ச கேடு.

ஒகேனக்கல்ல பாறைக்கு நடுவுல போறவங்களுக்கு வேற ஒரு தொந்தரவு. பாறை 45 டிகிரி சரிவா இறங்குதுன்னு வைங்க, நேர் கீழ 30 அடி. ஆனா கூம்போட மேட்டுப் பக்க ஓரம் சரிவுல மொதல்ல மோதிரும், 26 அடி தூரத்துலயே. மிஷினுக்கு மொத பெரிய எதிரொலி தான் தரை, அதனால 26 அடின்னு போட்டுரும். அதுக்குக் கீழ பள்ளத்துல நாலடி உயரத்துக்குள்ள எத்தன மீனு இருந்தாலும் தரையோட எதிரொலிக்குள்ள அமுங்கிப் போகும். வெயில் நேரத்துல மீனு பாறை இடுக்குல தான் ஒண்டும், மிஷினுக்குத் தெரியாத எடமும் அதே தான். ஒரு பரிசல்கார அண்ணன் ஸ்கிரீனப் பாத்துட்டு, "தம்பி, அடிக் கணக்கெல்லாம் எனக்கு வேணாம், எத்தன ஆளு ஒசரம்னு சொல்லு"ன்னாரு. அஞ்சு ஆளுன்னேன். "இந்தப் பக்கம் அஞ்சா, அந்தப் பக்கம் அஞ்சா?"ன்னு கேட்டாரு பாருங்க, கேள்வின்னா அது தான் கேள்வி. ஒத்தக் கூம்பு மிஷினுக்கு எந்தப் பக்கம்னே தெரியாது. எதிரொலி வந்துச்சுன்னு தெரியும், வட்டத்துக்குள்ள எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது.

அருவிக்குக் கிட்டப் போனா சுத்தமா வேலை செய்யாது. நுரையில இருக்கற ஒவ்வொரு காத்துக் குமிழும் ஒரு கண்ணாடி தான் சத்தத்துக்கு, மேல நாலடியிலயே எல்லாம் திரும்பி வந்துரும், ஸ்கிரீன் முழுக்கப் புள்ளி. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி டேம்ல ரசாயன நுரை பொங்குற நாள்லயும் இதே கதை, அந்தத் தண்ணியில மீன் பிடிக்கலாமாங்கறது வேற விஷயம். சேறு இருக்கற எடத்துல, அழுகுன தழையில இருந்து வாயு குமிழ் குமிழா மேல வரும், அதுவும் காத்து தானே, மிஷினுக்கு மீனும் அதுவும் ஒண்ணு. ஆனா குமிழு தரையில இருந்து மேல வரைக்கும் விடாம சாய்வாக் கோடு போடும், மீனு அப்படி ஏறாது. இதனால தான் மீன் பொம்மை காட்டுற ஆப்ஷன மொதல்லயே ஆஃப் பண்ணிருங்கன்னு சொல்றது, பிளாஸ்டிக் பையில காத்து அடைச்சிருந்தா அதுக்கும் ஒரு மீன் பொம்மை போட்டு பன்னண்டு அடின்னு எழுதும்.

கட்டுறது எப்படி? ஃபைபர் படகுல டிரான்ஸ்டியூசர உள்பக்கமாவே ஒட்டிருவாங்க, ஃபைபர் வழியா சத்தம் போயிரும். மூங்கில் பரிசல்ல அது நடக்காது, மூங்கில் பின்னலுக்கும் தார் பூசுன சாக்குக்கும் நடுவுல காத்து நிக்கும், காத்து இருந்தா கதை முடிஞ்சுது. ஒரு மூங்கில் குச்சியில கட்டி விளிம்புக்கு வெளிய ஒரு அடி ஆழத்துல செங்குத்தா நிக்க விடலாம், கரை ஏத்தும்போது மறக்காமத் தூக்கிரணும், இல்லன்னா பாறையில உரசி ஒடையும். என்னைக் கேட்டா டீப்பர்னு ஒரு கம்பெனி விக்கிற மாதிரி, டிரான்ஸ்டியூசர் உள்ளயே இருக்கற மெதக்கற பந்து தான் பரிசலுக்குத் தோது, கயித்துல கட்டி ரெண்டடி தள்ளி விட்டா போதும், ஆள் ஒரு பக்கம் சாஞ்சா பரிசல் சாயும், பந்து சாயாது. பத்து டிகிரி சாஞ்சாலே 30 அடிக்குக் கீழ கூம்போட நடு அஞ்சடி தள்ளிப் போயிரும், அதனால இது சின்ன விஷயம் இல்ல. பந்து போனுக்கு வைஃபைல அனுப்புது, வைஃபை தண்ணிக்குள்ள சில இஞ்சுக்கு மேல போகாது, பந்து முழுகுனா படம் நின்னுரும். போன கழுத்துல மாட்டுற கவர்ல போட்டுக்கோங்க. லைஃப் ஜாக்கெட், மீன்வளத்துறை லைசன்ஸ் ரெண்டும் இல்லாம எறங்காதீங்க, தண்ணி வரத்து ஏறி பரிசலுக்குத் தடை போட்ட நாள்ல கரையிலயே இருங்க.

மீன விட எனக்கு இதுல புடிச்சது தரை. பாறைத் தரைன்னா எதிரொலி பலமா வரும், தண்ணி மட்டத்துல மோதி மறுபடி கீழ போய் இன்னொரு தடவை வரும், அதனால 20 அடியில தரையும் 40 அடியில இன்னொரு மங்கலான தரையும் தெரியும். ரெண்டாவது தரை தெரிஞ்சா கீழ கெட்டி, தெரியலன்னா பெரும்பாலும் சேறு. கேஆர்பி டேம்ல வண்டல் எங்க முடிஞ்சு பாறை எங்க ஆரம்பிக்குதுன்னு இப்படியே தேடிரலாம், அந்த எல்லை ஓரத்துல தான் தூண்டில் போடணும். மேட்டூர் பின்தண்ணியில நாகமரைக்கு எதிர்க்கரை பண்ணவாடியில தண்ணி வத்துனா பழைய நந்தி சிலை வெளிய வருமே, 1934ல டேம் கட்டி முடிச்சப்ப முழுகுன ஊருங்க அதெல்லாம், தண்ணி நெறைஞ்சிருக்கும்போது அந்தக் கல்லுக் கட்டடங்களச் சுத்தித் தான் மீனு அண்டும், மிஷின்ல கெட்டியா செங்குத்தா எழும்பித் தெரியும்.

மிஷின் சத்தத்துல மீனு ஓடிருமான்னு கேக்கறாங்க. ஓடாது, நம்ம கெண்டை வகைக்கு கேக்கறது சில கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தான், 200 அதுக்கு எட்டவே எட்டாது. ஆனா அந்த சில கிலோஹெர்ட்ஸ்ல அதுக்குக் காது ரொம்பக் கூர்மை, காத்துப் பையில பட்ட அதிர்வ சின்னச் சின்ன எலும்பு வழியா காதுக்குக் கடத்துற அமைப்பு கெண்டை, கெளுத்தி ரெண்டுக்குமே உண்டு. துடுப்பு பரிசல் விளிம்புல டொக்குன்னு மோதுறது, உள்ள தண்ணி பாட்டில் உருளுறது, இதெல்லாம் அதுக்கு நல்லாவே கேக்கும். விளிம்புல ஒரு பழைய துணியச் சுத்திக் கட்டுங்க.