தொகுதி எல்லையில் சூழ்ச்சி: கணக்கு எப்படிச் சாட்சி சொல்கிறது?

2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றி வரைந்தது. அதிலிருந்து அமெரிக்காவில் எல்லை வழக்குகள் மறுபடி சூடுபிடித்துள்ளன. ஒரு கட்சிக்குச் சாதகமாக வரைந்தார்கள் என்பதை எப்படி நிரூபிப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வட கரோலினாவை எடுத்துக்கொள்வோம். 2016இல் குடியரசுக் கட்சி 53 சதவீத வாக்குகளோடு 13 இடங்களில் 10ஐப் பிடித்தது. இது மட்டும் சான்றாகாது. ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்கள் நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். நேர்மையாக வரைந்தாலும் அவர்களுக்குச் சில இடங்கள் குறையலாம். எனவே, சூழ்ச்சியில்லாத வரைபடங்கள் என்ன முடிவைத் தந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜொனாதன் மாட்டிங்லி 24,518 வரைபடங்களைக் கணினியில் உருவாக்கினார். தொகுதிக்கு ஏறத்தாழ 7,33,499 பேர், துண்டுபடாத நிலப்பரப்பு, திரண்ட வடிவம், கவுண்டிகளை (மாநிலத்தின் மாவட்டங்களை) இயன்றவரை உடைக்காமை, கருப்பின வாக்காளர்களுக்கான சட்டப் பாதுகாப்பு ஆகியவையே விதிகள். யார் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது கணினிக்குக் கொடுக்கப்படவில்லை. வரைந்த பிறகே உண்மையான வாக்குகளை அவற்றில் போட்டு எண்ணினார். 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓரிடமாவது கூடுதலாகக் கிடைத்தது.

அவர் ஒரு நேரத்தில் ஒரு வாக்குச்சாவடி வட்டாரத்தை மட்டும் பக்கத்துத் தொகுதிக்கு நகர்த்தினார். பின்னர் வந்த ‘ரீகாம்’ முறைதான் அழகின் உச்சம். அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளை ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு வட்டாரத்தையும் ஒரு புள்ளியாக்கி, பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களுக்கு இடையே மட்டும் கோடு போட்டு, எல்லாப் புள்ளிகளையும் வளையமே வராதபடி குருட்டாம்போக்கில் இணையுங்கள். கிடைப்பது ஒரு மரம். அதில் எந்தக் கோட்டை வெட்டினாலும் சரியாக இரண்டு துண்டுகள்தான். இருபுறமும் மக்கள்தொகை ஏறத்தாழ சமமாகும் கோடு இருந்தால் வெட்டுங்கள்; இரு துண்டுகளும் புதிய தொகுதிகள். இல்லையென்றால் அந்த மரத்தை எறிந்துவிட்டு வேறொன்று வரையுங்கள். இதையே ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும்.

பாம்பாய் நெளியும் தொகுதிகள் ஏன் அதிகம் வருவதில்லை? 16 கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே வரிசையாக நீட்டினால் ஒரே ஒரு மரம்தான் சாத்தியம். இரண்டு வரிசையாக, எட்டெட்டாக அடுக்கினால் 10,864. நாலுக்கு நாலு சதுரமாக்கினால் 1,00,352! திரண்ட வடிவத்துக்கு மரங்கள் அதிகம். ஆகவே அது தானாகவே அடிக்கடி அகப்படுகிறது. மரங்களை எண்ணும் தேற்றத்தை 1847இல் மின்சுற்றுகளை ஆராய்ந்தபோது தந்தவர் இயற்பியலாளர் கிர்க்காஃப். அடிப்படைக் கணித ஆய்வுக்கு நிதி கேட்டால் “உடனடிப் பயன் என்ன?” என்று மறுப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

சறுக்கும் இடங்களும் உண்டு. வட்டாரங்களை உடைக்காமல் மக்கள்தொகையை ஆள் கணக்கில் சமப்படுத்த முடியாது. கணினி ஓரிரு சதவீதம் விட்டுக்கொடுக்கும். சட்டம் கொடுப்பதில்லை: 1983இல் நியூ ஜெர்சியின் வரைபடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாட்டுக்காகவே உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. விதிகளில் ஒன்றை விட்டுவிட்டால் ஒப்பீடே செல்லாது. கருப்பின வாக்காளர்களை இன அடிப்படையில் பிரித்தார்கள் என்ற தென் கரோலினா வழக்கில், கட்சி ஆதாய நோக்கத்தைக் கணினிக்குச் சொல்லவில்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் நிபுணரின் வரைபடங்களை ஒதுக்கியது. அங்கே இனத்தையும் கட்சியையும் பிரித்துக்காட்டுவதுதான் வழக்கின் உயிர்.

மாட்டிங்லியின் கணக்கு தவறென்று காட்டி யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. அவர் சாட்சி சொன்ன வட கரோலினா வழக்கில், கட்சிச் சார்பு எல்லைகள் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடியவை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2019 ஜூன் 27இல் 5-4 எனத் தீர்ப்பு வந்தது. இது தவறான தீர்ப்பு என்பது என் உறுதியான எண்ணம். போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. மாட்டிங்லி மீண்டும் சாட்சி சொன்னார். 2022இல் வட கரோலினா உச்ச நீதிமன்றம் புதிய வரைபடத்தை ரத்து செய்தது. மாநிலத்தின் இடங்கள் அதற்குள் 14 ஆகியிருந்தன; அந்த ஆண்டுத் தேர்தலில் இரு கட்சிகளுக்கும் ஏழேழு இடங்கள். 2023இல், நீதிபதிகள் தேர்தலில் பெரும்பான்மை மாறியதும், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. சட்டமன்றம் மறுபடி வரைந்தது. 2024 முடிவு குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக 10-4.