பொனட்டுக்குள் கூம்பு பில்டர் பூட்டினால் குளிர் காற்று வராது

சூட்டை அள்ளிக்கொண்டு வரும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கூடவே கராஜுக்கு வரும் வழமையான முறைப்பாடும் தொடங்கிவிட்டது: “பாஸ், விடிய நல்லா இழுக்குது, மத்தியானம் ஹபரணை ரோட்டில ஒரு பஸ்ஸை ஓவர்டேக் பண்ண ஏலாம இருக்கு.” பொனட்டைத் திறந்தால் கம்பெனி பூட்டிய ஏர் பில்டர் பெட்டி காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு கூம்பு பில்டர், டர்போவுக்கு (என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சாமான்) ஒரு சாண் தள்ளி, அதன் சூட்டை நேரே குடித்துக்கொண்டு நிற்கும்.

போன கிழமை வந்த சிவிக்கோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. 1.0 லீற்றர் டர்போ, நல்ல வாகனம். தம்பி கூம்பு பில்டரோடு நிற்கவில்லை. ஒன்லைனில் எடுத்த பெரிய இன்டர்கூலர் (டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை என்ஜினுக்குள் போகமுன் ஆற்றுவது) ஒன்றைத் திணிப்பதற்காக, பம்பருக்குள் இருக்கும் சட்டத்தையே கிரைண்டரால் வெட்டியிருக்கிறார். “40 குதிரைவலு கூடும் எண்டு போட்டிருந்தது பாஸ்.” யானையை விடுங்கள், இரவில் நம் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டில் மோதினாலே அடியைத் தாங்குவதற்கு இருப்பது அந்தச் சட்டம்தான். ஏசி எப்படி என்று கேட்டேன். அதுவும் குறைந்துவிட்டதாம். குறையாமல் என்ன செய்யும், ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகவேண்டிய காற்றை முன்னால் நின்று மறித்தால்?

முதலில் அந்தக் கூம்புக்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது. கம்பெனிக்காரன் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை அழகுக்காக வைக்கவில்லை. பெட்டியிலிருந்து போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போய்ப் பாருங்கள், அது கிறில்லுக்குப் பின்னால் அல்லது ரேடியேட்டருக்கு மேலே வாயைத் திறந்துகொண்டிருக்கும். வெளிக்காற்று நேரே வரும் இடம் அது. நீங்கள் பெட்டியைக் கழற்றிக் கூம்பை வைத்ததும் என்ஜின் இழுப்பது பொனட்டுக்குள் கிடந்து வெந்த காற்றை. வாகனம் மெதுவாக ஓடும்போதும் நிற்கும்போதும் அந்த இடம் 60 பாகையை இலகுவாகத் தாண்டும். அப்படியென்றால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, பவர் கூடின மாதிரி இருக்கிறதே என்பீர்கள். அந்தச் சத்தம் முன்பும் இருந்தது, பெட்டி அதை அடக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். சத்தம் கூடியதைக் காது பவர் என்று எடுத்துக்கொள்கிறது.

“இன்டர்கூலர் இருக்குத்தானே, சூடா இழுத்தாலும் அது ஆத்திடும்தானே?” இதுதான் அடுத்த கேள்வி. கணக்கைப் பாருங்கள். வெளியே 35 பாகை, டர்போ 0.8 பார் அழுத்தம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போ 70 வீதத் திறனில் வேலை செய்தால் அதை விட்டு வெளியேறும் காற்று சுமார் 115 பாகை. ஒழுங்கான இன்டர்கூலர் அதை 60 பாகையளவுக்குக் கொண்டுவரும். இப்போது கூம்பு பில்டர் 55 பாகைக் காற்றை இழுக்கிறது என்றால் டர்போவை விட்டு வருவது 140 பாகை, இன்டர்கூலருக்குப் பிறகு 67. “7 பாகைதானே” என்று சிரிக்கிறீர்கள். 3 பாகை கூடினால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 1 வீதம் குறையும், அது சின்ன விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். சூடான காற்றில் நொக்கிங் வரும், அதாவது பெற்றோல் தாறுமாறாக வெடித்து என்ஜின் தட்டும் என்பதால், வாகனத்தின் கம்பியூட்டர் பிளக் பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், தேவைப்பட்டால் பூஸ்டையும் (டர்போ கொடுக்கும் அழுத்தம்) குறைக்கும். மத்தியானம் இழுவை இல்லாமல் போவது இதனால்தான். கையேட்டில் 95 பெற்றோல் என்று எழுதியிருக்க 92 அடிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ரேடியேட்டர் மாதிரி முன்னால் நிற்கும் இன்டர்கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிக்காற்றை விடக் குளிராக ஆக்கவே முடியாது. அதோடு பெரிய இன்டர்கூலருக்குள் நிரப்பவேண்டிய காற்றும் கூட, சின்ன 1.0 என்ஜினில் அக்சிலேட்டரை மிதித்த பிறகு இழுவை வரத் தாமதமாகும். பூஸ்டைக் கூட்டி ரியூன் செய்து பந்தயம் ஓடுகிறவருக்கு அது தேவை. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் ஓடுகிற வாகனத்துக்கு ஏற்கெனவே இருக்கும் இன்டர்கூலரைப் பார்த்துக்கொண்டாலே போதும்.

இருப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. காற்று சோம்பேறி, இடைவெளி கிடைத்தால் இன்டர்கூலரின் பின்களுக்குள் (மெல்லிய அலுமினியத் தகடுகள்) நுழையாமல் பக்கத்தால் போய்விடும். அதற்காகத்தான் இன்டர்கூலரைச் சுற்றிப் பிளாஸ்டிக் மறைப்பும் ஸ்பொஞ்சுப் பட்டியும் இருக்கின்றன. பம்பர் ஒருமுறை அடிபட்டுப் பெயின்ற் அடித்த வாகனங்களில் பாதிக்கு அவை திரும்ப வந்து சேர்வதில்லை. “ரெண்டு பீஸ் மிச்சம் வந்தது, தேவையில்லை எண்டு சொன்னாங்க.” தேவை ஐயா! கொழும்பில் பழைய பாட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் பழைய வாகனத்தில் கழற்றியது கிடைக்கும். கிடைக்காவிட்டால் கதவு ஓரத்துக்கு ஒட்டும் ரப்பர் பட்டியை வாங்கி இடைவெளியை அடையுங்கள், சில நூறு ரூபா வேலை. பிக்கப் வைத்திருப்பவர்களே, முன்னால் எல்ஈடி பார், அதற்குக் கீழே வட்ட லயிற் இரண்டு, போதாதென்று இரும்புக் கம்பிகள். எல்லாவற்றையும் தாண்டிக் காற்று எங்கே போகும்?

பழைய ஹைலக்ஸ் 3.0 டீசல் மாதிரி பொனட்டில் மூக்கு (காற்றை உள்ளே எடுக்கும் மேடான துவாரம்) வைத்த வாகனங்களில் இன்டர்கூலர் என்ஜினுக்கு மேலே படுத்திருக்கும். ஒருவர் மழைத் தண்ணீர் உள்ளே போகிறது என்று அந்த மூக்கை உள்ளேயிருந்து ரெஜிபோம் வைத்து அடைத்திருந்தார். இன்னொருவர் மூக்கே இல்லாத வாகனத்தில், துளையும் போடாமல், பொய் மூக்கு ஒன்றை ஒட்டியிருந்தார். அதனால் தீமையும் இல்லை, விட்டுவிட்டேன்.

டொயோட்டா சிஎச்ஆர் 1.2 டர்போவில் கதை வேறு. அதன் இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்வது, அதற்கென்று தனிக் கூலன்ற் சுற்று இருக்கிறது. முன்பக்க வேலை செய்த பிறகு அதில் காற்றுக் குமிழ் நின்றாலோ பம்ப் நின்றாலோ என்ஜின் சூடு மீற்றர் ஒன்றும் காட்டாது, இழுவை மட்டும் போகும். ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்துவிட்டு “எல்லாம் சரி” என்று அனுப்பிவிடாதீர்கள்.

கழுவுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வாகனங்களின் பின்களைத் தொட்டால் வெள்ளைத் தூளாக உதிரும், அது உப்பு அலுமினியத்தைத் தின்ற அடையாளம். வாரம் ஒருமுறை வீட்டுக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டாலே உப்பும் புழுதியும் போகும். சேர்விஸ் ஸ்டேஷனில் ஹை பிரஷர் தண்ணீர்த் துப்பாக்கியைப் பின்களுக்கு நேரே பிடித்து அடிக்க விடாதீர்கள். பின்கள் மடிந்து ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் காற்றுப் போகாது, பிறகு நாங்கள் சின்ன சீப்பு மாதிரி ஒன்றை வைத்து மணிக்கணக்காக நிமிர்த்தவேண்டும். கோஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தைக் கரைக்கும், கிட்டவும் வேண்டாம். இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே கிட் கேட்பவர்களுக்கு: அது உண்மையிலேயே வேலை செய்யும், சுபாரு எஸ்டிஐயில் கம்பெனியே கொடுத்தது. ஆனால் நீங்கள் ஊற்றப்போவது கிணற்றுத் தண்ணீர். கல் மாதிரிப் படிந்துவிடும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் வாகனத்தின் கம்பியூட்டரில் செருகி அதன் தகவலைப் போனில் காட்டும் ஓபிடி புளூடூத் ஸ்கானர் ஒன்று வாங்குங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை போனில் தெரியும். பில்டருக்குப் பக்கத்தில் ஒரு சென்சர், இன்டர்கூலருக்குப் பிறகு மனிபோல்டில் (என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து விடும் குழாய்) ஒரு சென்சர் என்று பல வாகனங்களில் இரண்டு உண்டு. பார்க்கவேண்டியது பின்னதை. 60, 70 வேகத்தில் சீராக ஓடும்போது அது வெளி வெப்பத்தை விட 10, 15 பாகை கூட இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் ஏறும், ஓடத் தொடங்கினால் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் கொண்டுவாருங்கள்.

டீசல்காரர்கள் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்றுக் கசிந்தால் கறுப்புப் புகை வரும், புகைப் பரிசோதனையில் விழும், வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. சோப்புத் தண்ணீர் தடவி, அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது சாதாரணம். ஊற்றுகிற அளவுக்குத் தேங்கியிருந்தால் டர்போவின் ஒயில் சீலோ, என்ஜினின் ஆவியை வெளியே விடும் பிரீதரோ போய்விட்டது என்று அர்த்தம், தயவுசெய்து அதோடு ஓடாதீர்கள். அந்த ஒயிலை என்ஜின் ஒரேயடியாக இழுத்தால் அதுவே எரிபொருளாகி, சாவியை நிறுத்தினாலும் நிற்காமல் உச்ச வேகத்தில் ஓடத் தொடங்கும். கியர் வாகனமென்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்தப் பாருங்கள். ஓட்டோ கியர் வாகனமென்றால் ஓரமாக நிறுத்தி எல்லோரையும் இறக்கித் தூரப் போங்கள், பொனட்டைத் திறந்து கையை உள்ளே விடவேண்டாம்.